வயல்வெளியின் தன்மையைப் படித்தல்: களப்பணியில் கற்ற பாடங்கள்

கிராமப்புற வேளாண் நிலப்பரப்புகளின் தன்மையை மதிப்பிட்டு ஆவணப்படுத்தும் பணியில் பல ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறேன். ஆற்றுச் சமவெளியும் அதை அடுத்த குன்றடிவாரமும் சேர்ந்த ஒரு பகுதியில் சாலை விரிவாக்கமும் புதிய குடியிருப்புகளும் வரவிருந்த நேரத்தில், அங்கே எது மாறினால் நிலம் தாங்கிக்கொள்ளும், எது மாறினால் அது அடையாளம் தெரியாமல் போய்விடும் என்று முன்கூட்டியே எழுதித் தரும்படி எங்கள் சிறு குழுவிடம் கேட்டார்கள். அந்த வேலையிலும் அதைத் தொடர்ந்த பராமரிப்பு வேலைகளிலும் கற்றவற்றுள், இதே பணியைத் தங்கள் பகுதியில் மேற்கொள்ள நினைப்பவர்களுக்குப் பயன்படக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பணிக்கு வருபவர்கள் முதலில் ஒதுக்கி வைக்க வேண்டியது, "இந்த இடம் அழகாக இருக்கிறதா?" என்ற கேள்வியை. அழகுக்கு மதிப்பெண் போடத் தொடங்கினால் குன்றும் நீர்நிலையும் உள்ள இடங்கள் பட்டியலின் மேலே போய்விடும். தட்டையான வயல்களும் சாதாரணக் களங்களும் கொண்ட பகுதி "சிறப்பு எதுவும் இல்லை" என்ற தலைப்பின் கீழ் ஒதுங்கிவிடும். பிறகு அங்கே எதைக் கட்டினாலும் கேட்க ஆளிருக்காது. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்குமாக 2002-இல் வெளியிடப்பட்ட நிலப்பரப்புத் தன்மை மதிப்பீட்டு வழிகாட்டி, விவரித்தலையும் தீர்ப்புச் சொல்வதையும் இரண்டு தனிக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவினையை நாங்கள் கண்டிப்பாகப் பின்பற்றினோம். முதல் கட்டத்தின் குறிப்பேட்டில் "நல்ல", "மோசமான", "கண்ணுக்கினிய" என்பவை போன்ற சொற்களுக்கு இடமில்லை. ஓர் இடத்தைப் பக்கத்து இடத்திலிருந்து வேறுபடுத்திக் காட்டுவது எது என்பது மட்டுமே அதில் எழுதப்பட வேண்டும். 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் ஃபுளோரன்ஸ் நகரில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு 2004-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய நிலப்பரப்பு உடன்படிக்கை, சிறப்புமிக்க இடங்களோடு அன்றாட இடங்களையும் சீர்குலைந்த இடங்களையும் தன் வரம்புக்குள் சேர்த்துக்கொண்டது. அன்றாட நிலத்துக்கும் ஒரு தன்மை உண்டு, அதுவும் கவனிப்புக்கு உரியது என்ற அந்த நிலைப்பாட்டுக்காகவே அந்த ஆவணத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

களத்துக்குப் போகும் முன் மேசையில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. பாறை, மண், சரிவு, நீரோட்டம் ஆகிய நான்கின் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாலே, வயல்களும் ஊர்களும் ஏன் அந்தந்த இடத்தில் அமைந்தன என்பதில் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதிக்குப் பழைய நில அளவை வரைபடங்கள் வேண்டும். கிடைக்கக்கூடிய மிகப் பழைய வரைபடத்தையும், இடைப்பட்ட காலத்து வான்படம் ஒன்றையும், இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பாருங்கள். வயலின் வடிவமே அதன் வரலாற்றைச் சொல்லும். வளைந்து நெளிந்த வரப்புகளும் ஒழுங்கற்ற சிறு வயல்களும் இடையிடையே மரக்கூட்டங்களும் இருந்தால், அங்கே காட்டைத் தலைமுறை தலைமுறையாகச் சிறிது சிறிதாகத் திருத்தியிருக்க வாய்ப்பு அதிகம். அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தாற்போன்ற பெரிய செவ்வகங்கள் இருந்தால், ஏதோ ஓர் அதிகாரம் ஒரே காலத்தில் நிலத்தை அளந்து பங்கிட்டிருக்கும். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 1994-இல் ஒரு மாவட்டம் முழுவதையும் இப்படிக் காலவாரியாக வகைப்படுத்திய முயற்சி, பிறகு பல இடங்களில் பின்பற்றப்பட்டது. எங்கள் பகுதியில் இந்த ஒப்பீடு காட்டிக்கொடுத்தவற்றுள் முக்கியமானது, பழைய வரைபடத்திலிருந்து இன்றுவரை மாறாதிருந்த கோடுகள். வயல்கள் இணைந்தும் பிரிந்தும் பலமுறை மாறியிருந்தன. ஆனால் வாய்க்கால்களும் வண்டிப்பாதைகளும் குன்றடிவாரக் கல்சுவர்களும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. அந்த மாறாத கோடுகளைத் தடித்த மையில் வரைந்த தாள்தான் பின்னால் எல்லாப் பேச்சுவார்த்தைகளிலும் எங்களுக்குக் கைகொடுத்தது.

அடுத்தது நடை. வாகனத்தில் சுற்றி வந்து எழுதிய மதிப்பீட்டைப் படித்தவுடனே கண்டுபிடித்துவிடலாம். சாலையிலிருந்து தெரிவது மட்டுமே அதில் இருக்கும். நாங்கள் நீர் போகும் திசையில் நடந்தோம்: குன்றடிவாரத்தில் ஊற்று கசியும் இடத்தில் தொடங்கி, ஓடை வாய்க்காலாக மாறி, வாய்க்கால் கிளை பிரிந்து, கடைசி வயலின் வடிகால் ஆற்றில் சேரும் வரை. மற்றொரு முறை அதற்குக் குறுக்காக, சமவெளியின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை. இவ்விரண்டு நடைகளும் சேர்ந்தால் நிலப்பரப்பின் நீளமும் அகலமும் காலுக்குப் பழகிவிடும். நிற்கும் இடங்களில் புகைப்படம் எடுப்பதற்கு முன் பென்சிலால் ஒரு எளிய கோட்டுப்படம் வரைவது நல்லது. படக்கருவி எல்லாவற்றையும் சமமாகப் பதிவு செய்கிறது. வரையும்போதோ எந்தக் கோடு முதன்மையானது என்று கண் முடிவெடுத்தே தீர வேண்டியிருக்கிறது. இருவர் தனித்தனியாக வரைந்து ஒப்பிட்டால், இருவர் தாளிலும் வந்த கோடுகளே அந்த இடத்தின் முதன்மைக் கூறுகள் என்று பெரும்பாலும் நம்பலாம்.

நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்று வகுத்தது நம் திணை மரபு. களப்பணியாளருக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை இல்லை. பயிர் நிற்கும்போது ஒரே பரப்பாகத் தெரிந்த சமவெளி, அறுவடைக்குப் பின் வரப்புகளின் வலைப்பின்னலாக வெளிப்படுகிறது. நீர் நிறைந்திருக்கும் பருவத்தில் ஒளியும் பறவைகளும் அந்த இடத்தின் தன்மையையே மாற்றிவிடுகின்றன. இருட்டிய பிறகும் ஒருமுறை போக வேண்டும். எந்தப் பக்கம் இன்னும் முழு இருள் மிஞ்சியிருக்கிறது, எங்கிருந்து விளக்கொளி ஊடுருவுகிறது, நெடுஞ்சாலையின் இரைச்சல் எவ்வளவு தூரம் கேட்கிறது என்பவையும் தன்மையின் பகுதிகளே. ஒரே பருவத்தில், ஒரே நேரத்தில் செய்யப்பட்ட மதிப்பீட்டை நான் முழுமையானதாக ஏற்பதில்லை.

பகுதிகளுக்கு எல்லை வரைவதில் குழுவுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. ஒரே தன்மை பல இடங்களில் திரும்ப வரலாம். அதை வகை என்கிறோம். குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் அமைந்து, தனக்கென்று பெயர் கொண்டிருப்பதைப் பகுதி என்கிறோம். இங்கிலாந்து முழுவதும் 159 தேசியத் தன்மைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அவை நிர்வாக எல்லைகளைப் பின்பற்றாமல் நிலத்தின் எல்லைகளையே பின்பற்றுகின்றன. நாங்களும் ஊராட்சி எல்லைகளை முதலில் வரைபடத்திலிருந்தே நீக்கிவிட்டோம். நிலத்தில் கூர்மையாகத் தெரியும் இடத்தில் மட்டும் எல்லையை முழுக்கோடாகவும், ஒன்று மற்றொன்றில் மெதுவாகக் கரையும் இடத்தில் அகலமான புள்ளிப்பட்டையாகவும் காட்டினோம். திட்ட அதிகாரிகளுக்கு ஒற்றைக் கோடுதான் பிடிக்கும். ஆனால் இல்லாத துல்லியத்தைக் காட்டினால், அந்தக் கோட்டுக்கு ஓரடி வெளியே எதையும் செய்யலாம் என்ற வாதம் வந்துவிடும்.

இனி, என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான பகுதிக்கு வருகிறேன். அங்கே வாழும் உழவர்களிடம், "உங்கள் ஊரில் உங்களுக்குப் பிடித்தது எது?" என்று கேட்டால் கோயிலையோ ஆற்றையோ காட்டுவார்கள், அல்லது வந்தவர் மகிழட்டும் என்று எதையாவது சொல்வார்கள். "இந்த வரப்பை யார் வெட்டுகிறார்கள்? எப்போது? எதற்காக? அவர் நிறுத்திவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டால் பேச்சின் போக்கே மாறிவிடும். நாங்கள் பிறகு இதை ஓர் அட்டவணையாக்கினோம். இடப்பக்கத்தில் நிலப்பரப்பின் கூறு: உயிர்வேலி, கல்சுவர், வாய்க்கால் கரை மரங்கள், மேய்ச்சல் திட்டு, வண்டிப்பாதை, களம். அதற்கு எதிரே, அதைப் பராமரிப்பவர் யார், அதிலிருந்து அவருக்கு என்ன பயன், அந்தப் பயன் இன்னும் இருக்கிறதா, அவருக்குப் பிறகு யார் என்ற கட்டங்கள். மதிப்பீட்டு அறிக்கையின் மற்றப் பக்கங்கள் எல்லாம் தொலைந்துபோனாலும் இந்த அட்டவணை ஒன்று மிஞ்சினால் போதும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதற்கு உயிர்வேலியே நல்ல சான்று. குன்றடிவாரத்தில் வயல்களைப் பிரித்த முட்செடி உயிர்வேலிகள்தான் அந்தப் பகுதிக்கு நெருக்கமான, ஒதுக்கமான ஒரு சாயலைக் கொடுத்திருந்தன. எங்கள் விவரிப்பின் முதல் வரியே அவற்றைப் பற்றியதுதான். முதிய உழவர் ஒருவர் எங்களை வேலி ஓரமாக அழைத்துச் சென்று, அடியில் விழுந்திருந்த இடைவெளிகளைக் காட்டினார். மாடுகள் இருந்தவரை ஆண்டுதோறும் கிளைகளை வெட்டி, வளைத்து, இடைவெளி விழுந்த இடத்தில் புதுக்கன்று நட்டு வந்தார்கள். வெட்டிய கழி அடுப்புக்கும் பந்தலுக்கும் போயிற்று. மாடுகள் குறைந்து, அடுப்புக்கு வேறு எரிபொருள் வந்ததும் வேலிக்கு வேலையில்லாமல் போயிற்று. வெட்டாத வேலி உயர்ந்து வளர்ந்து, அடியில் வெறுமையாகி, கடைசியில் தனித்தனி மரங்களின் வரிசையாகிவிடுகிறது. அதன் பிறகு ஆடு புகுந்தால் உழவர் கம்பிவேலிதான் போடுவார். வேலியை யாரும் அழிக்கவில்லை. அதை உயிரோடு வைத்திருந்த காரணம் மட்டும் மறைந்துவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உயர்ந்து நின்ற அந்த மரவரிசை முன்னைவிடச் செழிப்பாகக்கூடத் தோன்றும் என்பதால், புகைப்படத்தை மட்டும் நம்பினால் இந்த வீழ்ச்சி பதிவாகவே செய்யாது.

சட்டத்தால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதும் இங்கே தெளிவாகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சில் துண்டு நிலங்களை இணைத்து இயந்திர வேளாண்மைக்கு ஏற்பப் பெரிய வயல்களாக்கிய அரசுத் திட்டம், பல லட்சம் கிலோமீட்டர் நீள வேலிகள் மறையக் காரணமாயிற்று. வேலிகள் தடுத்து வைத்திருந்த நீரும் மண்ணும் பல இடங்களில் வெள்ளமாகவும் அரிப்பாகவும் வெளிப்பட்டன. இங்கிலாந்தில் 1997-இல் வந்த வேலிகள் ஒழுங்குமுறை, 20 மீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள வயல் வேலியை அகற்றுவதற்கு முன் உள்ளூர்த் திட்ட அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 30 ஆண்டு பழமையும் வேறு சில தகுதிகளும் உள்ள வேலியானால் அகற்றுவதைத் தடுக்கவும் அந்த அமைப்புக்கு அதிகாரம் தருகிறது. இது மிகத் தேவையான பாதுகாப்பு. ஆயினும் வேலியை வெட்டிப் பராமரிக்கும்படி எந்த உழவரையும் அந்தச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. அகற்றுவதைத் தடுப்பது ஒரு வேலை. கவனிப்பாரற்றுப் போவதைத் தடுப்பது முற்றிலும் வேறொரு வேலை. இரண்டாவதற்குப் பணமும் ஆளும் பயனும் வேண்டும்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் கோர்டில்லெரா மலைகளில் உள்ள நெற்படிக்கட்டுகள் 1995-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. 2001-இல் அவை ஆபத்திலுள்ள பாரம்பரியங்களின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டன. இளையவர்கள் வெளியேறியதும், நீர்ப்பாதைகளும் வரப்புகளும் பராமரிப்பின்றிக் கிடந்ததும் அதற்குக் காரணங்களுள் முக்கியமானவை. மீட்புப் பணிகளுக்குப் பிறகு 2012-இல்தான் அந்த ஆபத்துப் பட்டியலிலிருந்து அவை நீக்கப்பட்டன. உலகமே கொண்டாடும் நிலப்பரப்புக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத சமவெளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு நேர்மாறாக, போர்ச்சுகலின் தக்கை மரத் தோப்புகளைப் பாருங்கள். அங்கே ஒரு மரத்திலிருந்து பட்டையை உரித்தால் மீண்டும் உரிக்கக் குறைந்தது ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மரங்களுக்கு அடியில் கால்நடைகள் மேய்கின்றன. தக்கைக்குச் சந்தை இருக்கும்வரை அந்த மரங்களை வைத்துக் காப்பதற்கு உரிமையாளருக்கு வலுவான காரணம் இருக்கிறது. விளைபொருளின் விற்பனையும் நிலப்பரப்புப் பாதுகாப்புதான் என்பதைத் திட்டமிடுவோர் பலர் இன்னும் ஏற்பதில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இரண்டாம் கட்டத்தில் தீர்ப்புச் சொல்லும்போது, "இந்தப் பகுதி மாற்றத்தைத் தாங்குமா?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த மாற்றம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். திறந்த சமவெளியில் தாழ்ந்த கட்டடங்களின் சிறு கூட்டம் மரங்களுக்கிடையே அடங்கிவிடும். அதே சமவெளியில் ஒரே ஒரு உயரமான கோபுரம் எல்லாத் திசைகளிலிருந்தும் தெரியும். குன்றடிவாரத்திலோ கோபுரத்தை மடிப்புகளுக்குள் மறைத்துவிடலாம். ஆனால் சரிவை வெட்டிப் போடும் அகலச் சாலையின் தழும்பு பல பத்தாண்டுகள் மறையாது. கணினியில் பார்வை எல்லையைக் கணக்கிடும் மென்பொருள்கள் எளிதாகக் கிடைக்கின்றன. அவை நில உயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மரங்களையும் கட்டடங்களையும் விட்டுவிடும் வாய்ப்பு உண்டு என்பதால், உயரமான கழி ஒன்றில் வண்ணத்துணியைக் கட்டி உரிய இடத்தில் நிறுத்தி, முக்கியமான நோக்கிடங்களிலிருந்து நேரில் பார்த்துச் சரிபார்ப்பதை நாங்கள் வழக்கமாக்கிக்கொண்டோம்.

பெரிய திட்டங்களை எதிர்க்க ஆட்கள் திரள்வார்கள். நிலப்பரப்பை உண்மையில் அரித்துத் தின்பவை யாரும் கேள்வி கேட்காத சிறு மாற்றங்கள்: வண்டிப்பாதைக்குச் சிமெண்ட் விளிம்பு, வளைவில் ஒரு உயர்கம்ப விளக்கு, களத்தைச் சுற்றி ஆளுயர மதில், கரைமரம் ஒன்றை வெட்டிவிட்டு அதன் இடத்தில் நடும் வேற்றூர் அழகுச்செடி. ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமாகவே தோன்றும். ஆகவே மதிப்பீட்டில், ஒரே வகைச் சிறு மாற்றம் பத்து இடங்களில் நடந்தால் என்ன ஆகும் என்று எழுதும் பத்தி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

பரிந்துரைகளை எழுதும் முறையிலும் சொல்ல வேண்டியது உண்டு. "கிராமியத் தன்மைக்கு ஊறு நேராதபடி வளர்ச்சி அமைய வேண்டும்" என்பது போன்ற வாக்கியத்தை எவரும் மறுக்க மாட்டார்கள். எவரும் பின்பற்றவும் முடியாது. அதற்குப் பதிலாக, புதிய வீடுகள் சமவெளியின் நடுவில் தனித்து நிற்காமல், ஏற்கெனவே உள்ள ஊரின் விளிம்பை ஒட்டி அமைய வேண்டும், கூரையின் உச்சி பின்னாலுள்ள மரவரிசைக்கு மேலே எழக்கூடாது, வாய்க்காலின் இரு கரைகளிலும் கட்டடமில்லாப் பட்டை விட வேண்டும், சாலையை அகலப்படுத்தும்போது ஒரு பக்க மரவரிசையாவது முழுமையாக நிற்கும்படி மறுபக்கமாகவே அகலப்படுத்த வேண்டும் என்று எழுதினால், கட்டுபவருக்கும் அனுமதி தருபவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். ஒவ்வொரு பரிந்துரைக்கும் அருகில் அது நிலப்பரப்பின் எந்தக் கூறைக் காக்கிறது என்ற காரணத்தையும் ஒரே வரியில் எழுதுங்கள். காரணம் இல்லாத விதியை முதல் நெருக்கடியிலேயே தளர்த்திவிடுவார்கள்.

வாய்க்கால் தொடர்பாக ஒரு அலுவலகத்தோடு நடந்த பேச்சுவார்த்தை எனக்கு மிகவும் பயன்பட்டது. நீர் வீணாகாமல் கடைசி வயல்வரை போக வேண்டும் என்பதற்காக வாய்க்கால் முழுவதையும் கான்கிரீட் பூசும் திட்டத்தை அவர்கள் தயாரித்திருந்தார்கள். அந்தக் கவலை நியாயமானது; கடைமடை உழவர்களும் அதையே கேட்டார்கள். ஆனால் கரைமரங்கள் நின்றது அந்தக் கசிவு நீரில்தான். கிணறுகள் பலவற்றின் நீர்மட்டமும் அதைச் சார்ந்திருந்தது. செங்குத்தான கான்கிரீட் சுவருக்குள் விழுந்த தவளையும் ஆமையும் ஏற முடியாது. அழகைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், எந்தெந்த இடத்தில் எவ்வளவு நீர் குறைகிறது என்பதை உழவர்களோடு சேர்ந்து அளந்து காட்டினோம். இழப்பின் பெரும்பகுதி, கரை உடைந்த சில துண்டுகளிலும் பழுதான மதகுகளிலும்தான் நடந்தது. அந்தத் துண்டுகளை மட்டும் பூசி, மதகுகளைச் செப்பனிட்டு, மற்ற இடங்களைத் தூர்வாரிக் கரையை மண்ணால் உயர்த்துவது என்று முடிவாயிற்று. காக்க நினைக்கும் கூறு என்ன வேலை செய்கிறது என்பதை அளந்து காட்டினால், அதை மாற்ற நினைப்பவரும் நம் பக்கம் வரக்கூடும் என்பதை அங்கே நேரில் கண்டேன்.

குன்றடிவாரக் கல்சுவர்களில் சிக்கல் வேறு விதமானது: அவற்றைச் செப்பனிடத் தெரிந்த கை குறைந்துவிட்டது. சாந்து இல்லாமல் கல்லை அடுக்கும் கலையை ஐரோப்பிய நாடுகள் எட்டின் சார்பில் 2018-இல் யுனெஸ்கோ தன் அருவப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுவரைப் போலவே அடுக்கும் அறிவும் காக்கப்பட வேண்டியது என்பதற்கு அது ஓர் அங்கீகாரம். சாந்தில்லாச் சுவரில் நீர் இடைவெளிகளின் வழியே வடிந்துவிடுவதால் பின்னாலுள்ள மண்ணின் அழுத்தம் கூடுவதில்லை. சரிந்த இடத்தைச் சிமெண்ட் வைத்து அடைத்தால் நீர் தேங்கி, அடுத்த பெருமழையில் பக்கத்துத் துண்டும் சேர்ந்து சரியும். நாங்கள் கிடைத்த நிதியில் சுவர் கட்டுவதற்கு ஒதுக்கியதைவிடப் பயிற்சிக்கு அதிகம் ஒதுக்கினோம். வேலை தெரிந்த மூத்தவர்களுக்குக் கூலியோடு கற்பிப்பதற்கான ஊதியமும் தனியாகக் கொடுத்தோம். கற்க வந்த இளைஞர்களுக்கும் கூலி உண்டு. கூலியில்லாத் தன்னார்வப் பயிற்சியாக நடத்தியிருந்தால் உழவர் வீட்டுப் பிள்ளைகள் வந்திருக்க முடியாது.

கண்காணிப்புக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. குறிப்பிட்ட நோக்கிடங்களில் அடையாளக் கல் நட்டு, ஆண்டுதோறும் ஒரே வாரத்தில், ஒரே நேரத்தில், ஒரே குவியத் தூரத்தில் புகைப்படம் எடுக்கிறோம். படம் எடுத்தவரின் கண் உயரத்தையும் குறித்து வைக்கிறோம். அதோடு மேலே சொன்ன அட்டவணையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ஒவ்வொரு கட்டத்தையும் மீண்டும் கேட்டு நிரப்புகிறோம். படத்தில் எதுவும் மாறாதிருக்கும்போதே அட்டவணையில் மாற்றம் தெரிந்துவிடும். சென்ற முறை, வாய்க்காலின் நடுப்பகுதியைக் கவனித்து வந்த உழவர் முதுமையால் அந்த வேலையை விட்டுவிட்டார் என்பது தெரிந்தது. "அவருக்குப் பிறகு யார்" என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. பக்கத்து நிலத்துக்காரர்கள் இருவர், கரைமரங்களின் கழியையும் தழையையும் எடுத்துக்கொள்ளும் உரிமை தந்தால் அந்தத் துண்டை ஏற்பதாகச் சொன்னார்கள். ஊர்க்கூட்டத்தில் அது எழுத்தில் பதிவாயிற்று. அதற்குக் கீழேயுள்ள துண்டுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. தூர்வாரும் பருவம் தொடங்குவதற்குள் அந்தக் கட்டத்தை நிரப்புவதுதான் இப்போது எங்கள் கையிலுள்ள வேலை.